சுவருக்குள் ஓடும் நேர்க்கோடு

ஆணி அடிக்கும் முன் உங்கள் வீட்டுச் சுவரை ‘வாசிக்க’ உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் புளோக்கில் எந்த மாடியிலாவது டிரில் இயங்கும் சத்தத்தை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஒருவர் தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டுகிறார். இன்னொருவர் சமையலறையில் அலமாரி பொருத்துகிறார். தீபாவளி நெருங்கினால் தேக்காவில் வாங்கிய தோரண விளக்குக்கு ஓர் ஆணி, புதிய சாமி படத்துக்கு ஓர் ஆணி என்று சுவரில் துளைகள் கூடிக்கொண்டே போகும்.

அந்த ஆணி நுழையும் சுவருக்குள் 230 வோல்ட் மின்சாரம் சுமக்கும் கம்பிகள் ஓடுகின்றன. பூச்சும் சாயமும் அவற்றை மறைத்திருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று உங்களால் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். அதற்கு எக்ஸ்ரே கண் வேண்டாம். ஓர் எளிய விதி தெரிந்தால் போதும். அந்த விதியை மின்னியலாளரும் பின்பற்றியிருக்க வேண்டும், ஆணி அடிப்பவரும் அறிந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் தவறினாலும் ஆபத்துதான்.

பழைய வீடும் புதிய வீடும்

மார்சிலிங் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். உட்லண்ட்ஸ் நகரின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் இதுவும் ஒன்று. 1970களில் எழுந்த வீவக புளோக்குகளும் பின்னாளில் எழுந்த புதிய புளோக்குகளும் இங்கே அருகருகே நிற்கின்றன. வெளியே இருந்து பார்த்தால் சாயத்தின் நிறம்தான் வேறு என்று தோன்றும். உள்ளே மின்கம்பி போகும் விதமும் வேறாக இருக்கலாம்.

பழைய வீடுகள் பலவற்றில் கம்பிகள் சுவரின் மேலேயே ஓடும். தமிழ்நாட்டில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனவர்கள் இதன் மூத்த வடிவத்தைக் கண்டிருக்கலாம். சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கம்பியை வைத்து, சிறு உலோகக் கிளிப்புகளால் பிடித்திருப்பார்கள். இங்கே வீவக வீடுகளில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் ‘டிரங்கிங்’ எடுத்துக்கொண்டது. அது மூடியுள்ள நீளமான வெள்ளைப் பெட்டி. பார்க்க அவ்வளவு அழகில்லை என்று பலர் நினைப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கம்பி எங்கே ஓடுகிறது என்பது ஒரு சிறு பிள்ளைக்கும் தெரியும். கண்முன் இருக்கும் கம்பியின் மேல் யாரும் ஆணி அடிப்பதில்லை.

புதிய வீடுகளில் கம்பிகள் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் போய்விட்டன. கான்கிரீட் ஊற்றும் முன்பே குழாய்களைப் பதித்துவிடுவார்கள். செங்கல் சுவராக இருந்தால் அதில் காடி வெட்டி, பிவிசி குழாயைப் பொருத்தி, மேலே சிமெண்டு பூசிவிடுவார்கள். பிறகு அந்தக் குழாய் வழியாகக் கம்பியை இழுப்பார்கள். குழாய் இருப்பதால் பிற்காலத்தில் கம்பி பழுதானால் சுவரை உடைக்காமல் வெளியே இழுத்துவிட்டுப் புதியதை நுழைக்கலாம்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பிவிசி குழாய் கம்பியைச் சிமெண்டிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கும், டிரில்லிடமிருந்து காக்காது. கான்கிரீட்டையே துளைக்கும் முனைக்கு அந்தப் பிளாஸ்டிக் ஒரு தடையே இல்லை.

மறைத்துவிட்டால் மட்டும் கம்பி பாதுகாப்பாகிவிடாது. வெளியே ஓடும் கம்பி தன் இடத்தைத் தானே காட்டிக்கொள்ளும். மறைந்த கம்பியின் இடத்தை வேறு எது காட்டும்? இதற்காகத்தான் அந்த விதி பிறந்தது.

விதி என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் வீட்டு மின்னிணைப்பு வேலைகளுக்கு எஸ்எஸ் 638 என்ற நடைமுறைக் கோட்பாடு இருக்கிறது. அது பிரிட்டனின் பிஎஸ் 7671 என்னும் மின்னிணைப்பு விதித்தொகுப்பை ஒட்டி அமைந்தது. மறைந்த கம்பிகள் பற்றி அந்தப் பிரிட்டிஷ் விதித்தொகுப்பு தெளிவாகப் பேசுகிறது. அதன் சாரத்தைப் பார்ப்போம்.

சுவரில் ஒரு சுவிட்ச் அல்லது பவர் பாயிண்ட் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் போகும் கம்பி, அந்தப் பெட்டியிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, நேர் இடப்பக்கம், நேர் வலப்பக்கம் என்ற நான்கு திசைகளில் ஒன்றில்தான் போக வேண்டும். அந்தப் பட்டையின் அகலம் பெட்டியின் அகலம்தான்.

பெட்டி எதுவும் தெரியாத இடங்களில் கம்பி போகவேண்டுமானால் அதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சுவரின் உச்சியில், கூரையிலிருந்து 150 மில்லிமீட்டர் வரை உள்ள பட்டை ஒன்று. இரண்டு சுவர்கள் சேரும் மூலையிலிருந்து 150 மில்லிமீட்டர் வரை உள்ள பட்டை மற்றொன்று. உங்கள் பள்ளிப் பெட்டியில் இருக்கும் 15 சென்டிமீட்டர் அளவுகோலின் நீளம் அது.

இந்த இடங்களைப் ‘பாதுகாப்பு வட்டாரங்கள்’ என்று அழைக்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவை கம்பிக்குத்தான் பாதுகாப்பு வட்டாரங்கள். ஆணிக்கு இவை தடை செய்யப்பட்ட வட்டாரங்கள்!

கம்பி இந்த வட்டாரங்களுக்கு வெளியே போகவேண்டுமானால் சுவரின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எர்த் இணைப்புள்ள உலோகக் குழாய் போன்ற பாதுகாப்பு வேண்டும். உலோகக் குழாய் எப்படி உதவும்? டிரில் முனை முதலில் எர்த் இணைப்புள்ள உலோகத்தைத் தொடும், அதன் பிறகே லைவ் கம்பியைத் தொடும். உடனே பெரும் மின்னோட்டம் எர்த் வழியே பாய்ந்து சுற்றைத் துண்டித்துவிடும்.

ஒரு சிறு கணக்கு: உங்கள் அறைச் சுவரின் மொத்தத் தடிமன் 90 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை இரண்டு பக்கத்திலிருந்தும் 50 மில்லிமீட்டர் ஆழத்தில் பதிக்க முடியுமா? முடியாது. சரியாக நடுவில் வைத்தாலும் ஒவ்வொரு பக்கத்திலும் 45 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். வீடுகளில் அறைகளைப் பிரிக்கும் மெல்லிய சுவர்களில் ஆழத்தை நம்ப முடியாது. கம்பியின் இடத்தைத்தான் நம்ப வேண்டும்.

சுவருக்கு இரண்டு முகம்

மெல்லிய சுவர் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. உங்கள் அறையில் இருக்கும் பவர் பாயிண்டின் கம்பி, அடுத்த அறையில் ஆணி அடிப்பவரின் கைக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் சுவரின் தடிமன் 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்து, பெட்டி இருக்கும் இடத்தை மறுபக்கத்திலிருந்தும் கணிக்க முடிந்தால், பாதுகாப்பு வட்டாரம் மறுபக்கத்துக்கும் நீளும் என்கிறது விதி.

குளியலறைத் தண்ணீர்ச் சூடேற்றியை நினைத்துப் பாருங்கள். அதன் சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே இருக்கும். சூடேற்றியோ உள்ளே, உயரத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பி சுவருக்குள் ஏறிச் செல்கிறது. குளியலறைக்குள் நின்று ஓட்டுச் சுவரைப் பார்த்தால் சுவிட்ச் தெரியாது. துண்டு மாட்டும் கம்பியை அங்கே பொருத்துகிறவர் ஒரு முறை வெளியே வந்து மறுபக்கத்தைப் பார்க்காவிட்டால், எங்கே துளைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

60 சென்டிமீட்டர் மிச்சம்

சரி, கம்பி ஏன் நேராகத்தான் போகவேண்டும்? சாய்வாகப் போனால் என்ன?

பித்தகோரஸ் தேற்றம் படித்திருப்பீர்கள். தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பவர் பாயிண்ட் இருக்கிறது. அதிலிருந்து பக்கவாட்டில் 120 சென்டிமீட்டர் தள்ளி, 120 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. விதிப்படி நேராக மேலே 90 சென்டிமீட்டர், பிறகு பக்கவாட்டில் 120 சென்டிமீட்டர், ஆக மொத்தம் 210 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். சாய்வாகப் போனால்? 90-ன் வர்க்கம் 8,100. 120-ன் வர்க்கம் 14,400. கூட்டினால் 22,500. அதன் வர்க்கமூலம் 150. ஆகவே 150 சென்டிமீட்டர் போதும். 60 சென்டிமீட்டர் மிச்சம்.

அவசரத்தில் இருக்கும் ஒருவருக்கு இது நல்ல யோசனையாகத் தோன்றலாம். வெட்டவேண்டிய காடியும் குறையும், நேரமும் குறையும். ஆனால் அந்தச் சாய்வுக் கோடு ஓடும் இடம், சுவரின் நடுப்பகுதி. அங்கேதான் பிற்காலத்தில் படம் மாட்டுவார்கள், அலமாரி பொருத்துவார்கள். அங்கே கம்பி இருக்கும் என்று எதிர்பார்க்க எவருக்கும் எந்தக் காரணமும் இல்லை.

இதன் விலையை 2004ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு குடும்பம் கொடுத்தது. சமையலறைச் சுவருக்குள் ஒரு கம்பி விதிக்கு மாறாகச் சாய்வாகப் பதிக்கப்பட்டிருந்தது. கரண்டிகள் தொங்கவிடும் உலோகத் தாங்கி ஒன்றை அந்தச் சுவரில் திருகாணியால் பொருத்தினார்கள். திருகாணி கம்பியைத் தொட்டது. தாங்கி முழுவதும் மின்சாரம் ஏறியது. அதைத் தொட்ட இளம் தாய் ஒருவர் மின்சாரம் பாய்ந்து உயிரிழந்தார். தாங்கி மாட்டப்பட்ட இடம் எந்த வீட்டிலும் சாதாரணமாகத் தாங்கி மாட்டும் இடம்தான். அங்கே கம்பி இருந்ததுதான் பிழை.

திருகாணி தொட்டதும் ஏன் எதுவும் நடப்பதில்லை?

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழவேண்டும். திருகாணி கம்பியில் பட்டவுடனே பொறி பறந்து மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டாமா?

அது எந்தக் கம்பியைத் தொட்டது என்பதைப் பொறுத்தது. சுவருக்குள் பொதுவாக மூன்று கம்பிகள் சேர்ந்து ஓடும். லைவ், நியூட்ரல், எர்த். இன்றைய வீடுகளில் லைவ் பழுப்பு நிறம், நியூட்ரல் நீலம், எர்த் பச்சை மஞ்சள் கோடு. பழைய வீடுகளில் லைவ் சிவப்பாகவும் நியூட்ரல் கறுப்பாகவும் இருக்கும்.

திருகாணி லைவையும் நியூட்ரலையும் ஒன்றாகத் தொட்டால், குறுக்குச் சுற்று ஏற்பட்டு மிகப் பெரிய மின்னோட்டம் பாயும். மின்விநியோகப் பெட்டியில் இருக்கும் எம்சிபி என்னும் தானியங்கித் துண்டிப்பான் உடனே கீழே விழும். ‘ஏதோ தவறு’ என்று வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

லைவையும் எர்த்தையும் சேர்த்துத் தொட்டாலும் சுற்று துண்டிக்கப்படும்.

லைவை மட்டும் தொட்டால்? சுவர் காய்ந்திருந்தால் மின்சாரம் போவதற்கு வழி இல்லை. மின்னோட்டம் பாயாது, துண்டிப்பானும் விழாது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, எல்லாம் வழக்கம் போல. ஆனால் அந்தத் திருகாணியின் தலையும் அதில் தொங்கும் உலோகமும் 230 வோல்ட்டில் காத்திருக்கின்றன. வழி இல்லாமல் நின்ற மின்சாரத்துக்கு, ஈரத் தரையில் நின்றுகொண்டோ குழாயைப் பிடித்துக்கொண்டோ அதைத் தொடுபவரின் உடல்தான் வழியாகிறது.

‘ஆணி அடித்து இத்தனை நாள் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லையே’ என்பது அதனால்தான் ஆதாரமாகாது.

நம் உடல் தாங்கும் அளவு

உடலின் மின்தடை ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். ஈரமான தோலின் தடை குறைவு. கணக்குக்காக 2,000 ஓம் என்று எடுத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 230 வோல்ட்டை 2,000 ஓமால் வகுத்தால் 0.115 ஆம்பியர், அதாவது 115 மில்லிஆம்பியர்.

இது சிறிய எண்ணாகத் தோன்றும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்ஸீல் இதைப் பற்றி நீண்ட ஆய்வு செய்தவர். மின்சாரம் பாயும் பொருளைப் பிடித்த கையை, தானே விடுவித்துக்கொள்ளும் திறன் எந்த அளவில் போகிறது என்று அவர் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்குச் சுமார் 10.5 மில்லிஆம்பியர். அதற்கு மேல் போனால் தசைகள் இறுகிவிடும், கையை விட நினைத்தாலும் விட முடியாது. அதைவிடப் பெரிய மின்னோட்டம் நெஞ்சு வழியே பாய்ந்தால் இதயத்தின் சீரான துடிப்பு குலைந்துவிடும்.

இப்போது எம்சிபியைப் பாருங்கள். பவர் பாயிண்டுக்கான எம்சிபி 20 ஆம்பியருக்கு உரியது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உடலில் பாயும் 0.115 ஆம்பியர் அதில் 170ல் ஒரு பங்குக்கும் குறைவு. எம்சிபியைப் பொறுத்தவரை, யாரோ ஒரு சிறு விளக்கைப் போட்டது போலத்தான் இருக்கும். எம்சிபி கம்பி சூடாகித் தீப்பிடிப்பதைத் தடுக்கச் செய்யப்பட்டது. மனிதரைக் காப்பாற்ற வேறொரு காவலாளி வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்க்கும் காவலாளி

அந்தக் காவலாளியின் பெயர் ஆர்சிசிபி. உங்கள் வீட்டு மின்விநியோகப் பெட்டியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோ ‘டெஸ்ட்’ என்ற சொல்லோ பொறித்த சிறு பொத்தானுடன் இருக்கும்.

அது செய்வது ஒரு கழித்தல் கணக்கு. லைவ் கம்பியில் உள்ளே போன மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு கம்பிகளும் ஆர்சிசிபிக்குள் ஒரே காந்த வளையத்தின் நடுவே செல்கின்றன. போவதும் வருவதும் எதிரெதிர்த் திசையில் என்பதால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வளையத்தில் எதுவும் மிஞ்சாது.

ஒருவர் திருகாணியைத் தொட்டு மின்சாரம் அவர் உடல் வழியே தரைக்குப் போனால், போனதைவிட வந்தது குறையும். காந்தப் புலத்தில் மிச்சம் ஏற்படும். வளையத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச்சுருளில் அந்த மிச்சம் மின்னழுத்தத்தை உண்டாக்கி, விசையைத் தட்டிவிடும். வீடுகளில் பயன்படும் ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் வேறுபாட்டுக்கே செயல்படும். வேறுபாடு அதைவிடப் பல மடங்கு கூடினால் ஒரு நொடியின் 25ல் ஒரு பங்கு நேரத்துக்குள், அதாவது 40 மில்லிநொடிக்குள் துண்டித்துவிடும். உங்கள் இதயம் ஒரு முறை துடிக்க ஆகும் நேரத்தில் இது மிகச் சிறிய பகுதி.

சிங்கப்பூரில் 1985 ஜூலை 1 முதல் புதிய வீடுகளில் இது கட்டாயம். அப்படியானால் அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள்? மார்சிலிங்கின் பழைய புளோக்குகள் போன்ற இடங்களில் சில வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமலே இருந்தது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் புதிய விதி 2023 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. எப்போது கட்டப்பட்டிருந்தாலும் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி இருக்கவேண்டும் என்றது அந்த விதி. பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. தகுதிபெற்ற வீவக வீடுகளுக்கு மானியமும் கிடைத்தது.

பிரிட்டனும் 2008ல் நடப்புக்கு வந்த விதித்தொகுப்பில், 50 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் மறைந்து ஓடும் வீட்டுக் கம்பிகளுக்கு 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு வேண்டும் என்று சேர்த்தது. கம்பி சரியான இடத்தில் இருந்தாலும் மனிதர் தவறான இடத்தில் ஆணி அடிப்பார் என்பதை விதி எழுதியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனாலும் ஆர்சிசிபி எல்லாம் வல்லது அல்ல. ஒருவர் ஒரு கையால் லைவையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்து, தரையோடு தொடர்பில்லாமல் இருந்தால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். ஆர்சிசிபிக்கு அவர் உடல் ஒரு விளக்குபோலத்தான் தெரியும். அது கடைசிக் காவலாளி. முதல் காவலாளி, சுவருக்குள் ஓடும் அந்த நேர்க்கோடுதான்.

கருவி ‘இல்லை’ என்றால் இல்லையா?

கடைகளில் சுவர் உணர்கருவிகள் கிடைக்கின்றன. சுவரின் மேல் நகர்த்தினால் உள்ளே உலோகமோ மின்கம்பியோ இருந்தால் ஒலி எழுப்பும். இவை இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. ஒன்று, கருவியில் உள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப் புலத்தை அருகில் இருக்கும் உலோகம் மாற்றும். அந்த மாற்றத்தைக் கருவி உணரும். மற்றொன்று, லைவ் கம்பியைச் சுற்றி நொடிக்கு 50 முறை மாறும் மின்புலம் இருக்கும். அதைக் கருவி உணரும்.

இரண்டுக்கும் எல்லை உண்டு. சுவிட்ச் அணைந்திருந்தால், சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பியில் மின்னழுத்தம் இருக்காது. கருவி அதைத் தவறவிடலாம். கம்பி உலோகக் குழாய்க்குள் இருந்தால் குழாய் மின்புலத்தை மறைத்துவிடும். ஈரச் சுவரில் மின்புலம் பரவி, சுவர் முழுவதும் கம்பி இருப்பதுபோல் காட்டும். கான்கிரீட்டில் இருக்கும் இரும்புக் கம்பிகளையும் கருவி உலோகம் என்றே சொல்லும்.

ஆகவே கருவி ‘இருக்கிறது’ என்றால் துளைக்காதீர்கள். ‘இல்லை’ என்றால் அதை மட்டும் நம்பித் துளைக்காதீர்கள்.

நாட்டுக்கு நாடு எண் வேறு

இணையத்தில் பார்க்கும் காணொளிகளில் வேறு அளவுகளைச் சொல்வதைக் கவனித்திருக்கலாம். ஜெர்மனியின் டிஐஎன் 18015 தரநிலை, சுவரில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள கிடைமட்டப் பட்டைகளை ஒதுக்குகிறது. கூரையிலிருந்து 15 முதல் 45 சென்டிமீட்டர் வரை ஒன்று, தரையிலிருந்து 15 முதல் 45 சென்டிமீட்டர் வரை ஒன்று. கதவு, சன்னல், மூலை ஆகியவற்றின் ஓரமாக 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை செங்குத்துப் பட்டைகள்.

எண்கள் வேறு, எண்ணம் ஒன்றுதான். கம்பி எங்கே போகலாம் என்பதை எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு யாரும் அதை மீறக்கூடாது. சாலையில் எல்லாரும் இடப்பக்கம் ஓட்டுவது போல. இடமா வலமா என்பது நாட்டுக்கு நாடு மாறலாம், ஆனால் ஒரே சாலையில் ஆளுக்கொரு பக்கம் ஓட்ட முடியாது.

வீவக வீடுகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தூண், விட்டம், தளம் போன்ற வலுவூட்டப்பட்ட கான்கிரீட் பகுதிகளை வெட்டக்கூடாது. கட்டடத்தின் எடையைத் தாங்குவது அவைதான். கம்பியை மறைக்க ஆசைப்பட்டு அவற்றில் காடி வெட்டினால் மேல்மாடிகளில் இருப்போருக்கும் கேடு. அப்படிப்பட்ட இடங்களில் டிரங்கிங்தான் சரியான வழி. வீட்டுக்குள் இருக்கும் காப்பறைச் சுவர்களுக்கும் தனி விதிகள் உள்ளன. மேலும், மின்கம்பி வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்னியலாளர்தான் செய்யவேண்டும்.

உங்கள் அறையின் வரைபடம்

இந்த வார இறுதியில் ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள். கருவி எதுவும் வேண்டாம். தாள், பென்சில், அளவுகோல் போதும். எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டாம், எதையும் கழற்ற வேண்டாம்.

1. உங்கள் அறையின் ஒரு சுவரைத் தாளில் வரையுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவு வசதியாக இருக்கும்.

2. அந்தச் சுவரில் தெரியும் எல்லா சுவிட்சுகளையும் பவர் பாயிண்டுகளையும் சுவர் விளக்குகளையும் குறியுங்கள். குளிர்சாதனக் கருவியையும் மறக்காதீர்கள்.

3. ஒவ்வொன்றிலிருந்தும் மேலே, கீழே, இடம், வலம் என நான்கு பக்கமும் பட்டை வரைந்து நிழலிடுங்கள். கம்பி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று உங்களுக்குத் தெரியாது. நான்கையும் குறிப்பதுதான் பாதுகாப்பு.

4. கூரையை ஒட்டியும் மூலைகளை ஒட்டியும் 15 சென்டிமீட்டர் பட்டையை நிழலிடுங்கள்.

5. அடுத்த அறைக்குப் போய், அதே சுவரின் மறுபக்கத்தில் இருப்பவற்றையும் அதே தாளில் சேருங்கள். இடம் வலமாக மாறும் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நிழல் படாத பகுதி எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். படம் மாட்டக்கூடிய இடம் அதற்குள்தான் இருக்கிறது. அங்கேயும் வேலை தொடங்கும் முன் பெரியவர்கள் அந்தச் சுற்றின் மின்சாரத்தை மின்விநியோகப் பெட்டியில் அணைக்கவேண்டும். பழைய வீட்டில் முன்பு குடியிருந்தவர் என்ன செய்து வைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. பாரம் குறைந்த படத்துக்கு ஒட்டும் கொக்கியே போதும்.

பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள்களையும் வையுங்கள். மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விசை உடனே விழவேண்டும். விழாவிட்டால் உரிமம் பெற்ற மின்னியலாளரை அழைக்கவேண்டும். வீட்டில் புதுப்பிப்புப் பணி நடந்தால், சிமெண்டு பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பூசிய பிறகு அந்தப் படத்துக்கு ஈடான கருவி வேறில்லை.

ஆணி பட்டுவிட்டால்

பொறி பறந்தாலோ, விளக்கு அணைந்தாலோ, டிரில் முனையில் செம்பு நிறத் துகள் தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். திருகாணியைத் தொடாதீர்கள். பிரதான சுவிட்சை அணைக்கச் செய்யுங்கள். துளையை மாவு போட்டு மூடி, சாயம் பூசி மறைப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஏழு இழை கொண்ட கம்பியில் மூன்று இழை அறுந்தாலும் மின்சாரம் தொடர்ந்து போகும். மிச்சமிருக்கும் நான்கு இழைகள் அந்த இடத்தில் சூடேறும். சில காலம் கழித்து அங்கே தீ மூளலாம். மின்னியலாளரிடம் இடத்தைக் காட்டி உண்மையைச் சொல்வதுதான் மலிவான வழி.

ஒருவருக்கு மின்சாரம் பாய்ந்துவிட்டால் முதலில் மின்சாரத்தை அணையுங்கள், அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள். பிறகு 995க்கு அழையுங்கள்.

உங்கள் வீட்டுச் சுவருக்குள் கம்பி பதித்தவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பிறக்கும் முன்பே அவர் தம் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனாலும் கம்பியை நேராக இழுத்தபோது, என்றாவது ஒருநாள் இந்தச் சுவரில் ஆணி அடிக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு அவர் தகவல் விட்டுச் சென்றிருக்கிறார். அது சுவிட்சுக்கு நேர் மேலேயும் பவர் பாயிண்டுக்கு நேர் பக்கத்திலும் எழுதியிருக்கிறது. அதை வாசிக்க இனி உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை வீட்டில் யாராவது சுத்தியலை எடுத்தால், அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.